கருப்பசாமிக்கு வரைந்த ஏர்க்குதிரைகள்

இன்று காலை டர்ப்பன்டைன் போத்தலின் மூடியைத் திறந்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வாசம் பட்டாலே தலை வலிக்கிறது என்று புலம்புவாய். ஆனாலும் நான் தூரிகை கழுவுகிற இடத்தை விட்டு நகரமாட்டாய். நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. புலம்ப ஆளில்லாமல் தூரிகை கழுவுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

நான் பாக்டரியில் தேயிலைப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுகிறவன். நீ மலையில் தேயிலைச் செடிகளின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவன். திருவிழா வந்தால் கருப்பசாமி இறங்கி ஆடுவது உன்மேல்தான். கோயிலுக்குப் புதுச்சுவர் எழும்பியபோது, வாசலின் இரண்டு பக்கமும் சாமிக்குக் குதிரை வரைந்து கொடு என்று என்னிடம் கேட்டார்கள். எழுத்துப் போடுகிறவனுக்குப் படமும் வரும் என்பது அவர்கள் நினைப்பு. எனக்கும் அதே நினைப்புதான்.

ஆனால் குதிரைக்கு எங்கே போவது? நுவரெலியா ரேசில் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததெல்லாம் தூசியும் வாலும்தான். அந்தச் சமயத்தில்தான் சீமைக்குத் திரும்பிப்போன துரையின் பங்களாவில், கழித்துப்போட்ட சாமான்களுக்குள் அந்தப் புகைப்படம் கிடைத்தது. அவருடைய ஊர் வயலில் ஏர் இழுக்கிற இரண்டு குதிரைகள். அகன்ற மார்பு, உரல் மாதிரி கால்கள், குளம்பை மூடித் தொங்கும் மயிர். அசையாமல் நின்று என்னைப் பார்க்க விடுகிற குதிரை வேறெங்கே கிடைக்கும் எனக்கு?

படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போட்டேன். சுவரில் அதையே பெரிதாகப் போட, கரித்தூள் தடவிய நூலின் ஒரு முனையை நீ பிடித்தாய். ஏரையும் சங்கிலியையும் விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. கழுத்தில் மாட்டியிருந்த பெரிய பட்டையைக் கழற்றியபோதுதான் மாட்டிக்கொண்டேன். அதற்கு அடியில் கழுத்து எப்படி இருக்கும் என்று புகைப்படம் சொல்லவில்லை. கடைசியில் சாமான் ஏற்றி வரும் வண்டிமாட்டின் கழுத்தைப் பார்த்து வரைந்தேன். நீ தள்ளி நின்று பார்த்துவிட்டு, "குளுருதுன்னு காலுக்குக் கம்பளி மேசு வேற மாட்டிவிட்டுட்டியா? ஏன்டா, இது ஓடுமா, இல்ல படுத்து அசைபோடுமா?" என்றாய். நூலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் படம் சரி என்று என் கைக்குத் தெரியும்.

பெரிய கங்காணி வந்து பார்த்தார். அவர் முகம் போன போக்கை மறக்க முடியுமா?

"என்னப்பா இது, எருமையாட்டம்? எமன் வாகனத்தக் கொண்டாந்து கருப்பன் வாசல்ல நிப்பாட்டிருக்க! சுண்ணாம்ப அடிச்சு மூடுங்க."

நான் பதிலுக்குப் பதில் பேசினேன். புகைப்படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "இது வெள்ளக்காரன் எருமை" என்று திருப்பித் தந்துவிட்டார். ஊர் பார்க்க நான் வரைந்த முதல் படம் அது. அதை மூடினால் என் தூரிகை தேயிலைப் பெட்டியோடு நின்றுபோகும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் மல்லுக்கு நின்றதைப் பார்த்துக் கடைசியில் அவரே சொன்னார்: "சரி, சாமி எறங்கட்டும். அதுகிட்டயே கேட்ருவோம்." சுண்ணாம்புச் சட்டி மட்டும் சுவரோரம் தயாராக இருந்தது.

திருவிழாவன்று நான் அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் நீதான். கேலி செய்தவர்களிலேயே அதிகம் சிரித்தவன் நீ. விரதத்தில் இருக்கும்போது விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லமாட்டாய். சாமி காரியம் என்றால் உனக்கு அப்படியொரு பயம். தப்பும் உடுக்கையும் முழங்க, அருவாளோடு துள்ளி வந்தாய். கங்காணி கைகூப்பிக் கேட்டார். நீ என் சுவருக்கு முன்னால் வந்து நின்றாய். அந்தத் தடித்த காலை மேலிருந்து கீழே தடவினாய்.

"இந்த மலை ஏறி வர எனக்கு எந்தக் காலுடா வேணும்? ரேசுக் குதிரையா ஏறும்? கொழுந்து மூட்டையோட ஏறுறீங்களே, ஒங்க காலு எப்படிடா இருக்கு? இதான்டா எங் குதிரை! சுண்ணாம்பத் தொட்டவன் கைய வாங்கிருவேன்!"

சட்டியை எட்டி உதைத்தாய். கங்காணியே குதிரையின் காலடியில் தேங்காய் உடைத்தார். சாமி மலையேறியதும் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, எப்போதும்போல, "என்னாச்சு?" என்று கேட்டாய். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில், "ஒன் எருமைக்குப் புல்லு வச்சியா?" என்றாய். அதற்குப் பிறகு எத்தனையோ தோட்டத்துக் கோயில்களில், லிந்துலையிலிருந்து டயகம வரை, என் குதிரைகள் நிற்கின்றன. நீயோ கடைசிவரை அவற்றை எருமை என்றே அழைத்தாய்.

நெஞ்சுச்சளியோடு நீ உன் லயத்து வீட்டில் படுத்திருந்தபோது, "அன்னைக்குச் சாமி சொன்னிச்சில்ல, அது வந்து..." என்று ஆரம்பித்தாய். "பேசாத, இருமல் வரும்" என்று உன் நெஞ்சைத் தடவிவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். பிறகு வேறு என்னவோ பேசினோம்.

நீ சொல்ல வந்தது என்ன என்று நான் யோசிக்காத நாளில்லை. ஆனால் அது தெரியாமல்போனதில் எனக்கு வருத்தமும் இல்லை. அன்று பேசியது கருப்பன் என்றால், என் படம் சாமிக்குப் பிடித்திருக்கிறது. பேசியது நீ என்றால், கருப்பனுக்கு அவ்வளவு பயந்த நீ, உனக்குப் பிடிக்காத ஒரு படத்துக்காக, அவன் சந்நிதியிலேயே அவன் பெயரில் பொய் சொல்லியிருக்கிறாய். எனக்காக வேறு யாரடா அதைச் செய்வான்?