நாலா ஓரத்து ஆட்டுக்கொட்டகை

சித்திரை 22, செவ்வாய், ராத்திரி.

படுத்தும் தூக்கம் வரவில்லை. என் மகன் முருகேசன் ஆட்டுக்கொட்டகையைத் திரும்பவும் நாலா ஓரத்திலேயே, அந்த ஓடைக்கரையிலேயே, கட்டப் போகிறானாம். தண்ணீர் சுமக்கிற வேலை மிச்சமாம். போன மழையில் நாலாவில் வெள்ளம் பொங்கி, ஆடுகள் கட்டின கயிற்றோடவே செத்துக் கிடந்தன. அவிழ்த்துப் புதைத்தது இவன் கைதான்.

கேட்டால், "அது நூறு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற மழைன்னு டிவில சொன்னான் ஆத்தா. நம்ம சீட்டு விழுந்துருச்சு. எடுத்தவனுக்கு மறுபடி விழுமா?" என்கிறான். குலுக்கல் சீட்டு பிடித்துப் பிடித்து அவனுக்கு எல்லாமே சீட்டுதான்.

தீவை விட்டு மெயின்லேண்டில் போய்க் கணக்குப் படிக்கிற பேத்தி கவிதாவுக்குப் போன் போட்டு, அவன் சொன்னதைச் சொன்னேன். எங்கள் வம்சத்திலேயே அவ்வளவு படித்தவள் அவள்தான்.

"அப்பாகிட்ட சொல்லு அப்பத்தா. இந்த மழைச் சீட்டுல எடுத்த பேரையும் திரும்பக் குடத்துல போட்டுத்தான் குலுக்குவாங்க. வருஷா வருஷம்."

"சரிடி, இந்த வருஷம் வருமா, வராதா?"

"அது யாருக்கும் தெரியாது."

பக்கத்தில் நின்று கேட்ட முருகேசன் சிரித்தான். "இதுக்குத்தான் கப்பலேத்திப் படிக்க அனுப்புனமா?"

எனக்கும் எரிச்சல்தான். ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதுக்காக என் பேத்தியைப் பார்த்து இவன் சிரிக்கலாமா? தெரியாதுன்னா மேட்டில் கட்டவேண்டியதுதானே. இது புரியக் காலேஜா வேணும்?

காலையில் கொட்டகை கட்டுகிற மிஸ்திரி வந்ததும் பலாமரத்து மேட்டைத்தான் காட்டப் போகிறேன். ஆடு என்னுது. நாலா ஓரந்தான் வேணும்னா, முருகேசன் அங்கே தனக்கு ஒரு கொட்டகை போட்டுப் படுத்துக்கட்டும்.