ஏழு மூன்றும் ஓர் ஒன்றும்

ஜூன் 3
கணக்குப் புத்தகத்தின் மெய்ப்பு திருத்த வந்தது. மூன்றாம் பாடத்தில் 31, 331, 3331 என்று மூன்றைச் சேர்த்துக்கொண்டே போகிறார் பேராசிரியர். எல்லாமே பகா எண்களாம், ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாதாம். கடைசியாக 333333331, தடித்த எழுத்தில். கணினியில் சரிபார்த்தது என்று முன்னுரையில் பெருமை வேறு. சும்மா வகுத்துப் பார்த்தேன். பதினேழு நுழைந்துவிட்டது! 17 × 19607843. மூன்று தடவை போட்டும் மீதியே இல்லை.

ஜூன் 4
முதலாளியிடம் சொன்னேன். எழுத்துப்பிழை பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்றார். பேராசிரியர் முப்பது வருடம் பாடம் நடத்தியவராம். பதினேழுக்கு அது தெரியாதே.

பக்கத்துக்குப் பக்கம் நான் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அந்தப் பக்கத்தில் போடவில்லை.

ஜூன் 5
பேராசிரியரே போன் செய்தார். ஒரு மூன்றை எடுத்துவிட்டால் போதும், 33333331 நிச்சயம் பகா எண் என்றார். "என் வார்த்தைய நம்பும்மா."

"போன தடவையும் உங்க வார்த்தைதானே சார்."

வைத்துவிட்டார். எனக்கு வாய்க்கொழுப்புதான். இருக்கட்டும்.

ஜூன் 6
அடுத்த வெள்ளிக்குள் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளி கெடு வைத்துவிட்டார். பக்கம் அமைக்கும் பெண் கணினியில் ஒரு நொடியில் பார்த்துத் தருவதாகச் சொன்னாள். கையெழுத்து என்னுடையது, நானே பார்க்கிறேன் என்றேன். திமிர் என்றாள். ஆமாம்.

ஜூன் 7
33333331 இரண்டு எண்களின் பெருக்கம் என்றால், சின்னது அதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 5773-க்குள் இருந்தாக வேண்டும். அதற்குள் எழுநூற்றைம்பதுக்கு மேல் பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுக்க வேண்டும். ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர். ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் 9
மீதி. மீதி. மீதி.

ஜூன் 10
யார் கேட்கப் போகிறார்கள் இதை என்று வீட்டுக்காரர் சிரித்தார். நான் கேக்கறேன்ல, அது போதாதா? கத்திவிட்டேன். இந்த வேலை போனால் ஐம்பத்திரண்டு வயதில் வேறு யார் கொடுப்பார்கள்? பயமாத்தான் இருக்கு. பயந்துக்கிட்டேதான் வகுக்கறேன்.

ஜூன் 12
கடைசி எண் 5749. மீதி 629. எதுவும் நுழையவில்லை. பகா எண்தான்.

ஜூன் 13
முதலாளியின் அறையில் பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். நான் வகுத்துக்கொண்டிருப்பதை முதலாளி சொல்லியிருப்பார் போல. என்னைப் பார்த்ததும் எழுந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, கையில் ஒரு நோட்டு. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாராக நின்றேன்.

"ஐயாயிரத்து எழுநூத்தி நாப்பத்தொம்பதுக்கு உங்களுக்கு மீதி எவ்வளவு வந்துச்சு?"

"அறுநூத்தி இருபத்தொம்பது."

தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்துப் பார்த்தார்.

"எனக்கும் அதான்."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டேன்.