அப்பா மறுபடி பிரேக் மிதித்தார்

என் செல்ல வாலுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், இந்த முறை அந்தச் சொல்லைப் பேனாவை அழுத்தியே எழுதியிருக்கிறேன், பார். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, போர்த்திக்கொண்டு தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் அப்பா பிடுங்கி, "ஒண்ணுமில்லடா, ஒங்கம்மா கதை கட்றா" என்று சிரித்துக் கெடுத்துவிடுவார். காகிதத்தை அவரால் பிடுங்க முடியாது. நடுவில் நீ பயப்படக் கூடாது என்பதால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா நேற்று காலை பஸ் எடுத்துவிட்டார்.

போன வருஷம் அவருக்கு வலது பக்கம் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். லீவு முடிந்து நீ கிளம்பும்போது உன் பெட்டியைத் தூக்க வந்து என்னிடம் திட்டுக்கூட வாங்கினார். உள்ளே வலை வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றதும் பெரிய அத்தை, "வயித்துக்குள்ள வலைய வச்சு மீனா புடிக்கப் போறாங்க?" என்று கேட்டாரே, அதுவரைதான் உனக்குத் தெரிந்த கதை. காயம் ஆறியது, வீக்கம் வடிந்தது, டிப்போவுக்கும் திரும்பிப் போனார். போன பிறகுதான் அந்த வலி வந்தது. நடந்தால் இல்லை, படுத்தால் இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வலது காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக்குக்குக் கொண்டுபோகும்போது மட்டும் தொடை இடுக்கிலிருந்து உள்தொடை வரை காய்ச்சிய கம்பியால் இழுத்தது போல. என்னிடம் மூச்சு விடவில்லை மனுஷன். டிப்போவில் அவருக்குத் தாலாட்டு என்று பட்டப்பெயர் இருப்பது உனக்குத் தெரியுமே, அவர் வண்டியில் ஏறியவர்கள் தூங்கிப்போய் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவார்கள் என்று. அந்தத் தாலாட்டின் வண்டி ஒரு நாள் ஸ்டாப்பில் குலுங்கி நின்றது. கால் இழுத்துக்கொண்டதில் பிரேக்கை ஓங்கி மிதித்திருக்கிறார். நின்றுகொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண் கம்பியைப் பிடித்துத் தப்பித்தாள். யாரும் புகார் சொல்லவில்லை. இவராகவே டிப்போவில் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அந்தப் பொண்ணு என்னத் திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல டீச்சர், வயித்தத் தடவிப் பாத்துக்கிட்டுப் பேசாம எறங்கிப் போச்சு" என்றார். எப்போதும் கேலிக்குத்தான் என்னை டீச்சர் என்பார், அன்று அதில் கேலி இல்லை.

அதன்பின் அவரை விசாரணை ஜன்னலில் உட்கார வைத்தார்கள். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. வலி தீர்ந்துவிட்டது என்று டாக்டர் எழுதித் தராவிட்டால் ஓய்வு பெறும் வரை அந்த ஜன்னல்தான் என்று மேலாளர் தன்மையாகவே சொன்னாராம். நாங்களும் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. ஸ்கேன் எடுத்தார்கள், வலை வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது என்றார்கள். படுக்க வைத்து அழுத்திப் பார்த்தார்கள், வலிக்கவில்லை. ஒருவர் பயிற்சி சொன்னார், இன்னொருவர் மனசை லேசாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அதைக் கேட்டு அப்பாவுக்கே தன் வலி மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்துப் பயந்தது அதைத்தான். வலியோடு ஒரு மனுஷன் இருந்துவிடலாம், தன் உடம்பு தன்னிடமே பொய் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு எப்படி இருப்பது? சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருப்பார், மேஜைக்கடியில் வலது கால் மட்டும் மெல்ல நகர்ந்து திரும்பும், வலி இருக்கிறதா என்று ரகசியமாகத் தேடிப் பார்க்கிற மாதிரி. நான் பார்க்காதது போலத் தட்டைப் பார்த்துக்கொள்வேன்.

கடைசியாக ஆபரேஷன் செய்த சர்ஜன் அம்மாவிடமே மறுபடி போனோம். எப்படி இருக்கு என்று அவர் கேட்டார். இவர், "பரவால்லங்க டாக்டர்" என்றார். எனக்கு வந்ததே கோபம். ஓட்டிப் பார்க்காமல் வண்டி நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் விடமாட்டார், சண்டைக்குப் போவார், அப்படிப்பட்டவர் இங்கே வந்து நிறுத்தி வைத்த வண்டியைக் காட்டிவிட்டுப் பரவாயில்லை என்கிறாரே என்று அந்த அம்மாவுக்கு முன்னாலேயே பொரிந்து தள்ளிவிட்டேன். "படுக்க வச்சுப் பாத்தா எப்படிங்க தெரியும், அவர் பஸ்ஸைப் படுத்துக்கிட்டா ஓட்டுறார்?" என்றும் கேட்டுவிட்டேன். வாய் நீண்டுவிட்டதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சர்ஜன் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதுவும் சரிதான். ஓட்டிக் காட்டுங்க" என்றார். அங்கே எங்கே பிரேக்? காலால் மிதித்தால் மூடி திறக்குமே ஒரு குப்பைத் தொட்டி, அதை அவரே தள்ளிக்கொண்டு வந்து வைத்தார். ஒரு தட்டையான ஸ்டூல் சீட் ஆனது, மருந்துத் தட்டு ஸ்டியரிங் ஆனது. "ஸ்டாப் வருது, நிறுத்துங்க டிரைவர்" என்று அவர் சொல்ல, அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே காலை எடுத்துத் தொட்டியை மிதித்தார். மூடி டமார் என்று திறந்தது, அப்பா முகம் வெளுத்துவிட்டது. எழ விடாமல் அப்படியே இருக்கச் சொல்லி, தழும்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விரலை வைத்து இங்கேயா என்று கேட்டார் சர்ஜன். தட்டு ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் துள்ளி விழாத குறை.

வலையைப் பிடித்து வைக்கும் தையல் ஒன்றில் ஒரு மெல்லிய நரம்பு சிக்கியிருக்கலாம், சுற்றிலும் தழும்பு இறுகியிருக்கும், உட்கார்ந்து தொடையை நகர்த்தினால்தான் அது இழுபடும், ஸ்கேனில் தெரிய வேண்டும் என்று இல்லை என்று அவர் விளக்கினார். இவ்வளவு படுத்துவது அபூர்வம், தன் கையால் செய்த ஆபரேஷனில் இது முதல் தடவை என்று மறைக்காமல் சொன்னார், அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. உறுதி செய்ய அதே இடத்தில் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சற்றுப் பொறுத்து மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை அந்த மூடி பூ விரிகிற மாதிரி மெல்லத் திறந்து, மெல்ல மூடியது. அப்பா திரும்பத் திரும்ப மிதித்தார். போதும் என்று சொன்னாலும் நிறுத்தவில்லை. "வலிக்கல டீச்சர், பாரு, வலிக்கல" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊசியின் வேகம் அடங்கியதும் வலி திரும்பியது, ஆனால் இப்போது அது பொய் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு ரெண்டாவது ஆபரேஷன், அந்தத் தையலைப் பிரித்து, நசுங்கிக் கிடந்த நரம்பை வெட்டி எடுத்தார்கள். உன் பரீட்சை நேரம், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றார் அப்பா, நானும் தலையாட்டினேன், கோபித்துக்கொள், ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள். தொடை ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போய்விட்டது, அது அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். "கொசுவுக்கு இலவசப் பயணம்" என்று அவர் அதையும் கேலியாக்கிவிட்டார். நம் சமையலறைக்கு நானே ஒரு மிதி தொட்டி வாங்கி வந்தேன், தினமும் அதில்தான் பயிற்சி. அத்தை வந்து பார்த்துவிட்டு, "என் தம்பி குப்பைத் தொட்டியிலயே டிப்போ வரைக்கும் போயிருவான் போலிருக்கே" என்றார்.

டிப்போவில் சோதனை ஓட்டமும் முடிந்தது, தேறிவிட்டார். நேற்று முதல் டிரிப். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார், நான் மூன்றாவது ஸ்டாப்பில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஏறி நடுவில் உட்கார்ந்தேன். அவர் கால் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்டாப் நெருங்கும்போதும் என் வலது கால்தான் தரையை அழுத்தியது. வண்டி நின்றதே தெரியாமல் நின்றது, கிளம்பியதே தெரியாமல் கிளம்பியது. என் பள்ளிக்கூடம் இருக்கும் ஸ்டாப் வந்தபோது எழப் போனேன், முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெண், யாரோ, வேலை முடிந்து வருகிற நர்ஸ் உடுப்பில் இருந்தவள், வாயை லேசாகத் திறந்தபடி என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப எனக்கு மனசே வரவில்லை. தாலாட்டு திரும்பி வந்துவிட்டார் என்று யாரும் எழுதித் தர வேண்டியதில்லை, என் தோள் போதும். முதல் பீரியடுக்கு என் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாமதம். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு, கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே, "டீச்சர், டிக்கெட் பள்ளிக்கூடம் வரைக்குந்தான, மீதிக் காச எடு" என்றார். முதலிலிருந்தே பார்த்திருக்கிறார், கள்ளன்.

உனக்கு முதுகு வலிக்கிறது என்று ஒரு தடவை சொன்னாயே, இப்போது எப்படி இருக்கிறது என்று நான் போனில் கேட்டால் பரவாயில்லைம்மா என்கிறாய், அப்படியே அப்பாவின் குரல். அடுத்த தடவை எங்கே, என்ன செய்யும்போது வலிக்கிறது என்று ஓட்டிக் காட்டு, எனக்கு இல்லாவிட்டாலும் அங்கே ஒரு டாக்டருக்காவது. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து நீ வாழ வேண்டும், அப்பாவும் அத்தையும் அதையேதான் சொல்லச் சொன்னார்கள். அடுத்த லீவுக்கு வரும்போது ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ பிடிக்காதே, அப்பாவின் வண்டியில் ஏறு. தூங்கிவிடாதே, நம் ஸ்டாப் தாண்டிப் போய்விடும்.

உன் மேல் உயிரையே வைத்திருக்கும்,
அம்மா