அழுகலுக்கும் வண்டி வாடகை

மாப்ளே,

சொளகில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள், விரல் நீளப் பச்சை அட்டை ஒன்றை என் முன்னால் வைத்தாள். வெங்காய வாசனையோடு நீயும் வந்து உட்கார்ந்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். முதியோர் வகுப்பில் பழகிய கை, மெதுவாகத்தான் போகும். “இந்த வயசுல எழுதிக் கலெக்டராவா ஆகப்போறே?” என்றாயே. பார், பக்கம் பக்கமாக எழுதுகிறேன். நீதான் கைநாட்டாகவே போய்ச் சேர்ந்தாய்.

அந்த அட்டைக்கு ஃபிளாஷ் சேமிப்பு என்று பெயராம். பென் டிரைவுக்குப் பெரியண்ணன். வழக்கமாகக் கம்ப்யூட்டரில் மூளை ஓரிடம், சரக்கு ஓரிடம். எதைத் தேடினாலும் சரக்கு முழுவதையும் மூளைக்குச் சுமந்துபோக வேண்டும். மகள் வேலை செய்யும் இடத்தில் சரக்கு இருக்கிற அட்டைக்குள்ளேயே சின்ன மூளை வைக்கிறார்கள். அங்கேயே தேடி, விடையை மட்டும் வெளியே அனுப்பும்.

“எல்லா வேலைக்கும் ஆகாதுப்பா. மலையாக் குவிஞ்சு கிடக்கிறதுல கொஞ்சத்தத் தேடி எடுக்கத்தான்” என்றாள்.

“இதுக்கா இம்புட்டுப் படிப்பு?” என்று சிரித்தேன்.

நாம் மண்டிக்கு வெங்காயம் ஏற்றிய காலத்தில், காட்டோரம் குவித்து மூடிவைத்த வெங்காயப் பட்டறையிலேயே அழுகலைப் பொறுக்கிவிட்டுத்தான் மூட்டை பிடிப்போம். பொறுக்காமல் அள்ளிவருகிறவனைக் கண்டால் நீ காறித் துப்புவாய். “அழுகலுக்கும் சேத்து வண்டி வாடக குடுக்கிறான் பாரு, கூறுகெட்ட பய.”

பிறகு வயசாகி உனக்கே ஞாபகமறதி முற்றியது. ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கிப் போனாய். கடைவீதிக் கேமராக்கள் உன்னைப் பார்த்திருந்தன. கேமராப் படங்களைப் பார்க்கும் போலீஸ் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த மகராசனிடம் கெஞ்சினேன்.

“எல்லாப் படத்தையும் பெரிய கம்ப்யூட்டருக்கு ஏத்தணும், பெரியவரே. ஏறினப்புறம்தான் தேட முடியும். போய்ச் செத்த நேரம் உக்காருங்க.”

ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. காலித் தெருவும் நாயும் மாடும் ஏறின. அவன் டீ குடித்தான். நீ எந்தப் பக்கம் போனாய் என்று அந்தப் பெரிய கம்ப்யூட்டர் வாய் திறப்பதற்குள், தாடிக்கொம்பு சாலையோரம் உன்னைக் கண்டெடுத்துவிட்டார்கள். உயிர் இல்லை.

இதை நினைத்ததும் உன் சார்பில் நானே காறித் துப்பினேன்.

“ஏப்பா, வீட்டுக்குள்ளயா?” என்றாள் மகள்.

உன்னைப் பற்றி எனக்குள் ஒரு வெள்ளாமையே கிடக்கிறது. அத்தனையும் சுமந்து வர இந்தக் கைக்கு ஏலாது. உள்ளேயே பொறுக்கிவிட்டேன். துப்பிவிட்டு நீ சிரிக்கிற முகத்தை மட்டும் மூட்டை பிடித்து அனுப்புகிறேன். சாலையோரம் நீ கிடந்த கிடப்பு என்னிடமே இருக்கட்டும். அதற்கு வாடகை நான் கொடுத்துக்கொள்கிறேன்.