ஊத்து வந்தால் உன் முறை

மதுரையில் பஸ் ஏறும்போதே துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். வத்தலக்குண்டு வருவதற்குள் அது சூடாகி, ஈரத்துணியின் புழுங்கிய வாசனை எழுந்தது. நம் இருவரின் வாசனை. பக்கத்து சீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ இருந்திருந்தால் அவரோடு சண்டைக்கே போயிருப்பாய்.

நமக்கு வந்தது ஒரே வியாதி. காவலுக்கு இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் நரம்பின் உறையையே கடிக்கிற வியாதி. உடம்பு சூடானால் கண் மங்கும், குளிர்ந்தால் தெளியும். அதனால் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மலையேறும்போதெல்லாம் நமக்குள் ஒரு போட்டி. மலைப்பாதையில் ஊத்து என்கிற ஊர் வந்ததுமே டீக்கடை போர்டைப் பார்த்து, "அக்கா, எனக்குத் தெரியுது! ஒங்களுக்கு?" என்பாய். எனக்கு இன்னும் மேலே, பெருமாள்மலை தாண்ட வேண்டும். ஒருமுறைகூட நீ விட்டுக்கொடுத்ததில்லை.

எனக்கு வயிறு எரியும். நான் கொடைக்கானல் பஜாரில் தைலக்கடை பாயின் மனைவி. நீ கிளாவரையில் கேரட்டும் பூண்டும் போடுகிறவள். உங்கள் ஊரில் எங்கள் ஊரைவிடக் குளிர் அதிகம் என்பதற்குக்கூடப் பொறாமைப்பட்டேன்.

"கொடுத்து வச்சவடி நீ."

"வெள்ளனே எந்திரிச்சு எங்கூட கேரட்டு கழுவ வாங்கக்கா, தெரியும் சங்கதி."

ஆராய்ச்சிக்கென்று நம் இருவரிடமும் ரத்தம் எடுத்தார்களே, அதுதான் என்னை மொத்தமாகக் கெடுத்தது. ஆராய்ச்சி செய்த பெண் நமக்குப் புரியும்படி சொன்னாள்: "செல்லுக்குள்ள இதைச் செய், அதைச் செய்னு உத்தரவு போய்க்கிட்டே இருக்கும்க்கா. மைக்ரோ ஆர்.என்.ஏ.ங்கிறது குட்டித் துணுக்கு. சில உத்தரவைப் பாதியிலேயே அமத்திரும். ஒங்க வியாதியில சிலது கூடிக் கெடக்கு, சிலது கொறஞ்சு கெடக்கு." டாக்டர் கொடுத்த புது மாத்திரையை நீ ஆரம்பித்த பிறகு உன் வெள்ளணுக்களில் அந்த அளவுகள் வியாதியில்லாதவர்களின் பக்கமாக நகர்ந்திருந்தன. பழைய மருந்திலேயே இருந்த எனக்கு ஒன்றும் அசையவில்லை. "ஒருத்தரை வச்சு எதுவும் முடிவா சொல்ல முடியாதுக்கா" என்றும் அவள் சொன்னாள். அதை நாம் இருவருமே காதில் வாங்கவில்லை. நீ சிரித்தாய், நான் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. கண்ணுக்கே தெரியாத துணுக்கு, அதுவுமா உன் பேச்சைக் கேட்க வேண்டும்?

அந்த மாத்திரை எனக்கும் வேண்டுமென்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றேன். கல்லீரல் சரியில்லை, பொறுங்கள் என்றுவிட்டார். பஸ்ஸில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "என் ரத்தத்துல வேணா பாதி எடுத்துக்கங்கக்கா. ஊத்துல ஜெயிக்கிறத மட்டும் கேக்காதீங்க" என்றாய். அப்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை வெள்ளணுக்களை அடக்கி வைத்திருந்தது. சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. உன் வீட்டுக்காரர்தான் போனில் சொன்னார். "கொடைக்கானல் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க. வழியில, அக்காவுக்கு அந்த மாத்திரை குடுத்துட்டாங்களான்னு கேட்டா." அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இதிலும் நீதானே முந்திக்கொண்டாய்.

இன்றைக்கு டாக்டர் அந்த மாத்திரையை எனக்கு எழுதிவிட்டார். கல்லீரல் தேறிவிட்டதாம். காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தலையாட்டினேன். நான் ஏங்கிய மாத்திரை இப்போது என் மடியில், பைக்குள் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. போடாவிட்டால் மிச்சமிருக்கிற பார்வையும் போய்விடும். நாளைக் காலையில் போடத்தான் போகிறேன்.

ஊத்து வந்தது. போர்டு வெறும் சிவப்புக் கறையாகத்தான் இருந்தது. "அக்கா, தெரியுது" என்று உனக்காக நானே சொன்னேன்.

"என்னம்மா தெரியுது?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

"அந்தா, டீக்கடை போர்டும்மா."

பெருமாள்மலை தாண்டி, கடைகளின் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தபோது எனக்காக ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

மாத்திரை எனக்கும் ஒத்துக்கொண்டால், ஒருநாள் ஊத்திலேயே அந்தப் போர்டு எனக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கும் உன் குரலில்தான் சொல்வேன். என் முறைக்குப் பெருமாள்மலை வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வருவேன்.