ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வாருங்கள்

கச்சிராயபாளையம்,
செவ்வாய் இரவு.

மதிப்பிற்குரிய ஃபாதர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம் சாமி. நான் பிலிப்பு - பாக்கியம் தம்பதியின் மகள் செலினா. பாடல் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பேன். வலிப்பு வருகிற பெண் என்றால் உடனே ஞாபகம் வரும். மணலூர்பேட்டைப் பங்கு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? இருமல் நின்றுவிட்டதா?

அம்மா தூங்குகிறார். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

நீங்கள் மாற்றலாகிப் போகும் முன் அம்மா என்னை மந்திரிக்க அழைத்து வந்தாரே. மாத்திரை போட்டாளா என்று முதலில் கேட்டீர்கள். "மழைக்கு மன்றாடுறோம், அதுக்காக கரும்புக்கு மோட்டாரப் போடாம வுட்டுர்றமா பாக்கியம்?" என்று சிரித்தீர்கள். வழியெல்லாம் அம்மா, "சாமியாருக்கே விசுவாசம் கம்மி, மருந்துக் கடக்காரன் மாதிரி பேசிக்கினு கீறாரு" என்றார். மறுவாரமே தெருக்கோடி ஜெபவீட்டுக்குப் போனோம்.

பாஸ்டர் ஐயாவும் நல்லவர்தான். மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. பாதி விசுவாசம் விசுவாசம் இல்லை என்று மட்டும் சொன்னார். அம்மாதான் அட்டை அட்டையாக வாய்க்காலில் போட்டார்.

நாற்பது நாள் வலிப்பு வரவில்லை. கூட்டத்தில் மைக்கைக் கொடுத்து சாட்சி சொல்லச் சொன்னார்கள். சுகமாகிவிட்டேன் என்றேன். அன்றைக்கு அது பொய் இல்லை சாமி. அம்மா எல்லோருக்கும் முன்னால் அழுது, பிறகு சிரித்தார். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

சாட்சி சொன்ன ஒன்பதாம் நாள் பள்ளிவிட்டு வரும்போது வலிப்பு வந்துவிட்டது. கண் விழித்தபோது கரும்புத் தோட்டத்து வரப்பில் கிடந்தேன். கன்னத்தில் எறும்பு. பம்ப் செட்டில் பாவாடையை அலசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "இன்னாடி நனைஞ்சிக்கினு வர்றே" என்று அம்மா கேட்டார். விளையாடினோம் என்றேன். என்னோடு யாரும் விளையாடுவதில்லை என்று அம்மாவுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் தனியாகத்தான் இருந்தேன். சாட்சி சொன்னதற்குத் தண்டனையா சாமி இது?

அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பேசும்போது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு காலை கோமுகி அணையில் எனக்கு முழுக்கு ஞானஸ்நானம். குழந்தையில் தலையில் ஊற்றியது செல்லாதாம். வெள்ளைச் சுடிதார் தைத்தாயிற்று. தண்ணீர்ப் பக்கம் இவளைத் தனியாக விடாதீர்கள் என்று கள்ளக்குறிச்சி டாக்டர் சொன்னது அம்மாவுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை. முழுக்கும்போது வலிப்பு வந்தால் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். யாரும் தூக்க மாட்டார்கள்.

இந்தக் கடிதத்தை ஒட்டி என் வகுப்பு சுபஸ்ரீயிடம் கொடுக்கிறேன். அவள் அப்பா மணலூர்பேட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நாளை மறுநாள் கையில் கிடைத்துவிடும். வெள்ளி அல்லது சனி, வேறு வேலையாக வந்த மாதிரி வீட்டுக்கு வாருங்கள். நான் எழுதினேன் என்று சொல்லாதீர்கள்.

அம்மாவைத் திட்டிவிடாதீர்கள் சாமி. எனக்கு வலிப்பு வரும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளாமலிருக்க அம்மா தன் விரலைத்தான் என் வாயில் வைப்பார். வலது கை நடுவிரலைப் பாருங்கள், என் பல் பட்ட தழும்பு நான்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் ஆசீரை வேண்டும்,
செலினா
பத்தாம் வகுப்பு