ஆம் என்று அழுத்தினேன்

மார்ச் 3
மறுபடியும் பதினேழாம் பாடம்தான் எழுதினேன். என் மகள் பாப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. என்னை எழுதப் பழக்க, அவள் தன் குரலில் கம்ப்யூட்டரில் பதிந்து வைத்த சொல்வதெழுதல் மொத்தம் நாற்பது. "நான் ஆபீஸ் போனதும் சும்மா உக்காராத, இதப் போட்டு எழுதும்மா." பதினெட்டை இன்னும் கேட்கவில்லை. கேட்கக் கேட்கத் தீர்ந்துவிடுமே.

மார்ச் 6
கம்ப்யூட்டரில் இன்றும் அதே கேள்வி. புதிய லினக்ஸ் வந்துள்ளது, மேம்படுத்தவா? ஆம். இல்லை. பத்து நாளாகக் கேட்கிறது. அந்த நீளச் சொல்லை எழுத்துக்கூட்டி நானே படித்துவிட்டேன். அவள் இருந்தால் செய்திருப்பாள் என்று ஆம் அழுத்தினேன்.

மார்ச் 7
கறுப்புத் திரை. டிஸ்க் இல்லை என்கிறது.

மார்ச் 9
ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனேன். கனம். வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்தேன்.

"ஆபீஸ்ல கழிச்சுப்போட்ட பெட்டிதானே இது? டிஸ்க் ரெண்டும் நல்லாத்தாம்மா இருக்கு. அதுங்கள சேர்த்து ஓட்டுற கார்டு ரொம்பப் பழசு. அந்தக் கார்டுக்கான டிரைவர் புரோகிராம, கம்ப்யூட்டர ஓட்டுற புது லினக்ஸ்ல எடுத்துட்டாங்க. அதான் டிஸ்க் அதுக்குத் தெரியல."

"கழட்டி வேற பெட்டியில மாட்டுங்களேன்."

"எல்லாம் பாதி இந்த டிஸ்க்ல, பாதி அந்த டிஸ்க்ல இருக்கும்மா. அந்தக் கார்டு இல்லாம படிக்காது. புது டிஸ்க் போட்டுடலாம், ஜோரா ஓடும்."

ஓடி எனக்கென்ன?

மார்ச் 10
அடுப்புப் பற்ற வைக்கவில்லை. எழுத்துத் தெரியாதவளாகவே இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டிருப்பேன். நீ படிக்கச் சொல்லிக் கொடுத்தாய் பாப்பா. அதை வைத்தே உன் வாயை அடைத்துவிட்டேன்.

மார்ச் 12
அக்கா போனில், "பொண்ணே போயிட்டா, பெட்டியக் கட்டிக்கிட்டு அழுவுறியேடி."
போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 15
கடைக்காரர் கூப்பிட்டார். "எந்தப் பழைய லினக்ஸ் இதுல ஓடிச்சுன்னு தெரிஞ்சா முயற்சி பண்ணலாம். உங்க பொண்ணு சிடி ஏதாச்சும் வச்சிருந்தாங்களா?"

மேசை, அலமாரி எல்லாம் கொட்டித் தேடினேன். இல்லை. அப்புறம்தான் உறைத்தது — ஜன்னலில் புறா அண்டாமல் இருக்க நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேனே, அவள் சிடிதான். குப்பை என்று நினைத்து — நான்தான், வேறு யார்? தொட்டதையெல்லாம் கெடுக்கிறேன். என்ன ஜென்மம் இது?

மார்ச் 16
வெயிலில் வெளுத்த மூன்று சிடி. எதுவும் படிக்கவில்லை. ஒன்றில் மட்டும் அவள் கையெழுத்து: "பெரிய பெட்டிக்கு". கீழே ஒரு எண்.

கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சிடி செத்துப்போச்சு" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நம்பர் போதும்மா. அந்தப் பழச எங்கயாச்சும் தேடி எடுத்து, டிஸ்க்கத் தொடாம பென் டிரைவ்லயே ஓட்டிப் பாக்கறேன். ரொம்ப நம்பாதீங்க."

நம்பவில்லை.

மார்ச் 17
ஒன்றுமில்லை.

மார்ச் 18
போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. இல்லை என்று காதால் கேட்கத் தெம்பில்லை.

மார்ச் 20
பெட்டி வீட்டுக்கு வந்தது. சொல்வதெழுதல் பதினெட்டு.
ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது.
மழை நின்ற பிறகு பேருந்து வந்தது.
கடைக்காரர் குடையை மடக்கினார்.
பேனாவ அவ்வளவு அழுத்தாதம்மா, தாள் கிழிஞ்சிடும். ஐயோ, இதையும் எழுதிடாத.

எழுதினேன்.